ஆற்றோரத்துப் புல்லை வெட்டிவிட்டோம், அக்கா

அன்புள்ள பிலோமினா அக்கா,

காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருசமாகப் போகிறது. நாம் இரண்டு பேரும் வேலை பார்த்த ஆற்றோரப் பூங்காவை இப்போது நான் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறேன். பாலத்தடியில் நீங்கள் நட்ட செவ்வந்தி பூத்திருக்கிறது, சனம் உட்காரும் வாங்குகளுக்குப் பெயின்ட் அடித்தாயிற்று. நல்ல சேதி இவ்வளவுதான். மற்றதெல்லாம் பயம்.

தண்ணீரோரம் இடுப்பளவுக்குப் புல்லை விட்டுவைத்தோமே, ஞாபகம் இருக்கா? "வெட்டாத சரோஜா, அட்டைக்குப் பயந்தாவது ஒருத்தரும் எறங்க மாட்டாங்க" என்பீர்கள். அட்டை கடிக்கிறது என்று முறைப்பாடு வந்து, நமக்கு மேலே இருக்கிற ஓவசியர் வெட்டச் சொன்னார். வெட்டினேன். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஆனால் சனம் ஆற்றை ஒட்டியே பாயை விரித்து உட்காருகிறது. மேலே அணைக்கட்டுக் கதவைத் திறக்குமுன் சைரன் ஊதத்தான் செய்கிறார்கள். பாட்டுச் சத்தத்தில் அது யார் காதில் விழும்?

போன ஞாயிறு ஊதியது. எனக்குச் சோறு கொண்டுவந்த ரோஷினி, உங்கள் மடியில் கிடந்து வளர்ந்த என் மகள், தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். கீழே இன்னும் மூன்று பிள்ளைகள். அவர்களைத் தாண்டித்தான் ஓடியிருக்கிறேன், அக்கா. ஒருத்தரும் என் கண்ணில் படவில்லை. யாரோ ஒரு தகப்பன் பாய்ந்து இழுத்து வந்தார். கொஞ்ச நேரத்தில் அவர்கள் நின்ற இடத்தில் செம்மண் தண்ணீர் சுழன்றது.

மறுநாளே ஓவசியரிடம் போய் நின்றேன். "சேர், அந்தப் புல்ல இனி நா வெட்ட மாட்டேங்க."

"அட்டை கடிச்சா சனம் என்னையத்தானே ஏசுது? போர்டு ஒன்னு போடுவோம்."

"போர்ட யாரு சேர் வாசிக்கிறாங்க? ஆத்துல புள்ள போனா ஏசுறதோட விட்டுருவாங்களா?"

அவரும் பிள்ளைகுட்டிக்காரர்தானே. தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சரி, வெட்டாத. ஆனா தீவாளிக்குள்ள அது எங்க வளரப் போகுது?"

அதுதான் என் பயமும். வருகிற ஞாயிறு தீபாவளிக்கு மறுநாள். தேயிலைத் தோட்டத்துச் சனம், டவுன் சனம் எல்லாம் வரும். புல் இன்னும் கணுக்கால் உயரம்கூட வரவில்லை. மறுபடி சைரன் ஊதினால் நான் யாரைத் தேடி ஓடுவேன்? எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை, அக்கா. நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். புல் வளரும்வரை ரோஷினி பூங்காப் பக்கம் வரமாட்டாள். அழுதாலும் லயத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவேன். கடைசிப் பிள்ளை மேலே ஏறும்வரை நான் தண்ணீரோரத்தை விட்டு ஏறமாட்டேன், இது உங்களுக்குத் தரும் வாக்கு. ரோஷினி அங்கே இல்லாவிட்டால்தான் மற்றப் பிள்ளைகள் என் கண்ணுக்குத் தெரிவார்கள்.

கூடப் பிறக்காத உங்கள் தங்கச்சி,
சரோஜா