வலிக்காமல் ஆடிய பல்

அக்கா,

இன்று காலை பல் துலக்கித் துப்பியபோது வாஷ்பேசினில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று ஓடியது. என் ஈறுதான். ஒரு சொட்டுகூட இருக்காது. தண்ணீர் விட்டதும் போய்விட்டது. நான் மட்டும் அங்கேயே நின்றேன். கம்பெனி பஸ்ஸும் போய்விட்டது. அதன் பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். நீ இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது.

லாங் பஜாரில் நீ வந்த ஆட்டோ கைவண்டியில் மோதிய அன்று, உன் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போயின. ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித்தரும் டீச்சர் நீ. 'த' சொல்ல நாக்கு முட்ட இடமில்லை, காற்றுதான் வந்தது. பிள்ளைகளும் அதைக் காற்றாகவே திருப்பிச் சொன்னார்கள். "அதுங்க கிண்டல் பண்ணலடி. அப்படித்தான் சொல்லணும்னு நெனச்சிக்கிச்சிங்க" என்று சொல்லி அழுதாய்.

அதனால்தான் தாடை எலும்பில் திருகு வைத்துப் பல் கட்டிக்கொண்டாய். எலும்பு அதைப் பிடித்துக்கொள்ள மாதக்கணக்கில் காத்திருந்தாய். பல் மாட்டிய அன்று டாக்டரம்மா நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: "இந்தப் பல்லு சொத்தை ஆகாது. ஆனா சுத்தி இருக்கிற ஈறும் எலும்பும் உங்களோடது. மெத்துன்னு இருக்கிற பிரஷ்ஷால ரெண்டு வேளையும் தேய்ங்க. இடுக்குல இந்தச் சின்ன பிரஷ்ஷை விட்டு அழுக்கை எடுங்க. சுகர் ஏறாம பாத்துக்குங்க. ஆறு மாசத்துக்கு ஒருவாட்டி காட்டுங்க. ரத்தம் வந்தா, வலி இல்லேன்னாலும் உடனே வாங்க."

நீ தலையாட்டினாய். நானும் ஆட்டினேன். வெளியே வந்ததும் படிக்கட்டிலேயே நின்று, "தங்கம், தந்தம், தாத்தா" என்று சொல்லிப் பார்த்தாய். ஏறி வந்தவர்களெல்லாம் உன்னைப் பார்த்தார்கள். நீ கவலைப்படவே இல்லை.

ஒரு வருடம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு நாள், ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலையில் இருந்த எனக்குப் போன் செய்தாய்.

"அந்த எடத்துல பிரஷ் பட்டா ரத்தம் வருதுடி. வாய் நாத்தம் வேற."

எனக்குப் பேக்கிங் பிரிவில் அவசரம். "ரத்தம் வர்ற எடத்துல ஏன்க்கா தேய்க்கிற? பிரஷ்ஷே படாம விடு. உப்புத் தண்ணி கொப்புளி."

"டாக்டரம்மா வரச் சொன்னாங்களே?"

"வலிக்குதா?"

"இல்ல."

"அப்புறம் இன்னா பேஜாரு? இந்த ஷிப்மென்ட் போவட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

ஆஸ்பத்திரிக்கு நீ தனியாகப் போகமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஒரு ஷிப்மென்ட் போனது, அடுத்தது வந்தது. நீ இரண்டு முறை கேட்டாய், நான் இரண்டு முறையும் தள்ளிப்போட்டேன். நீயோ நான் சொன்னபடியே அந்த இடத்தில் பிரஷ் படாமல் பார்த்துக்கொண்டாய்.

ஐந்து மாதம் கழித்துப் போனோம். டாக்டரம்மா விரல் வைத்ததும் பல் ஆடியது. ஈறு ஓரத்தில் சீழ் வந்தது. எக்ஸ்ரேயில் இரண்டு திருகுகளைச் சுற்றியும் எலும்பு கரைந்து கறுப்பாக இருந்தது.

"வலிக்கலன்னு இருந்துட்டீங்களா? இது பெரும்பாலும் வலிக்காதும்மா. ரத்தம் வந்தப்பவே வந்திருந்தா சுத்தம் பண்ணிக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். பிரஷ் போட வேணாம்னு யார் சொன்னது?"

நான் சுவரோரம் நின்றிருந்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல டாக்டர். நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

நீயா அக்கா சோம்பேறி?

இரண்டையும் கழற்றினார்கள். திரும்பும்போது ஆட்டோவில் வாயில் பஞ்சைக் கடித்தபடி என் கையைப் பிடித்திருந்தாய். மன்னிப்புக் கேட்க அதைவிட நல்ல நேரம் வராது. "வேற வெச்சுக்கலாம்க்கா" என்றேன். நீ வேண்டாமென்று தலையசைத்தாய்.

கழற்றி மாட்டும் பல்செட் பேசும்போது நழுவியது. ஒன்றாம் வகுப்பை நீயாகவே விட்டுக்கொடுத்து, நூலக அறையில் போய் உட்கார்ந்தாய். சிரிக்கும்போது வாயைப் பொத்தினாய். பிறகு சிரிப்பதையே விட்டாய். இரண்டு வருடத்தில், ஒரு காலையில், அந்த அறையிலேயே உன் இதயம் நின்றது. அதற்கும் பல்லுக்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கட்டும். அந்த இரண்டு வருடம் நீ வாயை மூடிக்கொண்டிருந்தாயே, அதற்கு யாரிடம் போய்க் கேட்பேன்?

இப்போதெல்லாம் கம்பெனியில் யாராவது பல் கட்டினேன் என்றாலும், ஈறில் ரத்தம் என்றாலும், வேலையை விட்டுவிட்டுப் போய்ச் சொல்கிறேன்: தேய்க்கிறதை நிறுத்தாதே, இன்றைக்கே போய்க் காட்டு. முந்தாநாள் தையல் பிரிவுப் பெண் ஒருத்தி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களாலதான்க்கா என் பல்லு தப்பிச்சுது. இவ்ளோ எப்படிக்கா தெரியும் உங்களுக்கு?"

"எங்க அக்கா சோம்பேறித்தனமா விட்டுட்டா" என்றேன்.

என் வாயில் அதுதான் வந்தது, அக்கா. அவளிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டு நாளாகத் தையல் பிரிவுப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.