பதினாலாம் நம்பர் பிரவுனி

அன்புள்ள மகனுக்கு,

இங்கே அப்பா, உன் அத்தை, நான் மூவரும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன் என எழுதுவதுதான் முறை. ஆனால் உன் வாயிலிருந்து வருவதில் எதை நம்புவது எதைத் தள்ளுவது என்று எனக்கு இப்போது தெரியவில்லை, அதனால் நீ நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். போனில் பேச வேண்டியதை ஏன் சித்தி கடிதமாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்துவிடுகிறார், நான் தனியாகக் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. போன மாதம் அப்பா உன் முட்டிக்கு உறை வாங்கி அனுப்பினாரே, அதே முகவரிக்குத்தான் இதையும் அனுப்புகிறேன். ரொம்ப இதமா இருக்குப்பா என்று நீ அன்றைக்குச் சொன்னாய், ஆகவே அந்த முகவரியாவது உண்மை என்று எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டில் புதிதாக ஒன்றும் இல்லை. குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது, அடியில் ஒரு வாளியை வைத்துவிட்டு அப்பா அதை ரிப்பேர் என்கிறார். அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, பார்வை தெளிந்ததும் அவர் முதலில் கண்டது என் சமையலறை ஒட்டடையை. உன் ஃபுட்பால் டீம் ஆடும் நாளில் அப்பாவின் பஸ் டிப்போவிலிருந்து கண்டக்டரும் மெக்கானிக்கும் டீவி பார்க்க வருவது நிற்கவில்லை. நானும் வழக்கம்போலக் காலையிலேயே பிரவுனிக்கு வெண்ணெயையும் சாக்லேட்டையும் உருக்கி உட்கார்ந்துவிடுகிறேன். நடுவில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே ஓவனிலிருந்து எடுத்து, முழுக்க ஆறவிட்டு, அப்பா பிஸ்கட் டின்னை வெட்டி வளைத்துச் செய்துகொடுத்த ஜெர்சி அச்சால் வெட்டுகிறேன். அச்சுக்கு வெளியே விழும் துண்டுகள் அத்தைக்கு, கருகினதை எல்லாம் கேக்குன்னு விக்கிற காலமாப் போச்சு என்று சொல்லியபடியே தட்டைத் துடைத்து வைத்துவிடுவார். பெரிய டிரேயில் பச்சை ஐசிங்கைப் புல்லாகப் பிழிந்து, வெள்ளைக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் கோல் போஸ்ட் வரைந்து, அதன்மேல் உன் டீமை அவரவர் இடத்தில் நிறுத்துகிறேன். வெண்ணெயின் மஞ்சளால் நீலம் எப்போதும் பச்சைப் பக்கம் சாயும், ஒரு துளி ஊதா சேர்த்தால்தான் உங்கள் ஜெர்சியின் நீலம் வரும் என்று கண்டுபிடிக்க எத்தனை டிரே பாழானது என்பது அத்தைக்குத்தான் தெரியும். கண்டக்டர் எப்போதும் கோல்கீப்பரைத்தான் எடுப்பார், பஸ்ஸுலயும் வாசல்ல நிக்கிறவன் நான்தானே தங்கச்சி என்பார். இடது ஓரத்தில் நிற்கும் உன் நம்பர் பதினாலை மட்டும் யாரும் தொடுவதில்லை. அப்பா அதைக் கரண்டியால் அலுங்காமல் எடுத்து டப்பாவில் வைத்து ஃப்ரீஸருக்குக் கொண்டுபோவார், அவன் வந்து சாப்பிடட்டும் என்று. இப்போது அந்த ஃப்ரீஸரில் ஐஸ் கட்டிக்கு இடமில்லை, கதவைத் திறந்தால் நீயும் நீயும் நீயும்தான்.

ஆட்டம் எப்படிப் பார்க்கிறோம் என்றும் சொல்கிறேன், உனக்குத் தெரிய வேண்டும். உயரத்திலிருந்து எடுக்கும் படம், மைதானத்தில் ஆட்கள் எறும்பு மாதிரித்தான் தெரிகிறார்கள். முட்டியில அடி, அதான் கோச் என்னை பெஞ்சில வெச்சிருக்கார் என்று நீ சொன்னதிலிருந்து அப்பா ஆட்டத்தைப் பார்ப்பதே இல்லை, பெஞ்சைத்தான் தேடுகிறார். எப்போதாவது கேமரா பெஞ்சுப் பக்கம் திரும்பினால் நாற்காலியை விட்டு எழுந்து திரைக்குக் கிட்டே போய்விடுவார். கடைசியில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கிறானே அவன்தான், பாரு, கோபம் வந்தா சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் உட்காருவான் என்று மெக்கானிக்கிடம் காட்டுவார். அந்தப் பையன் ஒருமுறை ஓடி வந்து மாற்று ஆட்டக்காரனாக இறங்க நின்றபோது அப்பா கையைத் தட்டிவிட்டு, படம் கிட்டே வந்ததும், ஓ இவன் வேற யாரோ என்று வந்து உட்கார்ந்துகொண்டார். அடுத்த ஆட்டத்தில் இன்னொரு பையனைக் கண்டுபிடித்துக்கொண்டார். யார் பெற்ற பிள்ளைகளையோ உன் பேரைச் சொல்லி இந்த சீசன் முழுக்க அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பாய். பல் டாக்டரிடம் சீட்டு எழுதித் தருகிற பெண் தன் மகள் பிறந்தநாளுக்கு உங்கள் டீம் ஜெர்சி போட்ட பிரவுனி கேட்டாள். அச்சு அசலாக இருக்க வேண்டுமே என்று உன்னிடம் ஜெர்சியை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன், நினைவிருக்கிறதா. கண்ணாடி முன்னால் நின்று எடுத்து அனுப்பினாய், சிரித்துக்கொண்டு. அதைப் பார்த்து வெள்ளைக் காலர், கையில் ஒற்றைக் கோடு என்று கண் வலிக்க வலிக்கச் செய்து முடித்தேன். பெட்டியைத் திறந்த அந்தப் பெண், ரொம்ப அழகா இருக்கு அக்கா, ஆனா இது போன வருஷத்து ஜெர்சி, இந்த வருஷம் காலரே கிடையாது, கழுத்துல ஆரஞ்சு பட்டைதான், என் பொண்ணு ஒத்துக்க மாட்டாளே என்றாள். மகளின் ஜெர்சியையே கையோடு கொண்டு வந்திருந்தாள். நான் எல்லாக் காலரையும் கத்தி முனையால் சுரண்டி எடுத்து ஆரஞ்சு பிழிந்து கொடுத்தேன். சுரண்டும்போது கை நின்று நின்று போனது. எல்லோருக்கும் புது உடுப்பு கொடுத்தவர்கள் உனக்கு மட்டும் ஏன் கொடுக்கவில்லை? சித்திக்குக் காலரைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துவிட்டாய். ஒவ்வொரு காலரையும் ஊசி மாதிரி முனையில் பிழிகிறவளிடம் போய் அப்படி நினைத்தாயே.

அப்பா டியூட்டிக்குப் போன பிறகு உன் கிளப் ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்த குமாஸ்தா, நீங்க அவருக்கு என்ன வேணும் என்று கேட்டார். அம்மா என்றேன். நீ இத்தனை வருஷமாக எனக்குக் கொடுக்காத சொல், நானும் கேட்டதில்லை, உனக்கும் எனக்கும் பதினொரு வயதுதானே வித்தியாசம், சித்தி என்பதே சரி என்று இருந்துவிட்டேன். முகம் தெரியாத ஒருவரிடம் அதை முதன்முதலாகச் சொன்னேன், அதற்குக் கிடைத்த பதில், சீசன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அவரை விடுவிச்சாச்சேம்மா, உங்ககிட்ட சொல்லலையா என்பது. சொன்னான், நான்தான் மறந்துட்டேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ எனக்குக் கற்றுக்கொடுத்த பொய் அது.

டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்காக உன்னைத் திட்ட மாட்டேன். ஆடுகிறவன் எவனுக்கும் வருகிற நாள்தான் அது. படாத அடிக்கு முட்டி உறையை வாங்கிக்கொண்டு இதமாக இருக்கிறது என்று சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இதை நான் அப்பாவிடம் சொல்லிவிடலாம், ஒரு நிமிஷ வேலை. சொன்னால் என்ன ஆகும் என்று நீயும் யோசித்திருப்பாய், உனக்கு அந்தக் கணக்கு நன்றாக வரும். கல்யாணமான புதிதில் அத்தை கூடத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது, வந்தவ தங்கமா இருந்தாலும் தாய் ஆவாளா என்று. நீ வெளியூர் கிளம்பிய அன்றும், பெத்தவ இருந்திருந்தா இவ்வளவு தூரம் அனுப்பியிருப்பாளா என்றார். நாளைக்கு நான் வாயைத் திறந்தால் பிள்ளையின் குட்டை உடைத்தவள் ஆவேன். மூடிக்கொண்டிருந்தால், தெரிந்தே புருஷனை ஏமாற்றியவள் ஆவேன். நான் படிக்கிற புத்தகங்களில் மாற்றாந்தாய் என்றால் விஷம் வைப்பாள், இல்லையென்றால் தியாகம் செய்வாள். எனக்கு இரண்டும் வேண்டாம். இருதலைக் கொள்ளி எறும்பு மாதிரி நிற்கவும் எனக்குப் பொறுமை இல்லை.

இனி, இந்தக் கடிதம் எழுத வேண்டி வந்த விஷயத்தைச் சொல்கிறேன். வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை உங்கள் டீமின் கடைசி ஆட்டம். அப்பா லீவு போட்டுவிட்டார். கண்டக்டரும் மெக்கானிக்கும் கூட வருகிறார்கள், நானும் வருகிறேன். உனக்குத் தெரியக் கூடாது, திடீரென்று போய் நிற்க வேண்டும் என்று எங்களிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், அதை நான் உடைக்கிறேன். வாழ்நாளெல்லாம் ஸ்டீரிங் பிடித்தவருக்கு இந்த முறை ஜன்னல் சீட்டு வேண்டுமாம். யாரோ ஓட்டுற பஸ்ஸுல உங்களுக்குக் கால் சும்மா இருக்காதே, பிரேக் போட்டுப் போட்டு முன் சீட்டுக்காரனை உதைக்கப் போறீங்க என்று கண்டக்டர் கேலி செய்ய, அப்பா சிரித்த சிரிப்பை நான் நெடுநாள் கழித்துப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் உடை மாற்றும் அறை வாசலில் நின்று உங்கள் டீம் முழுவதற்கும் தன் கையால் கொடுக்க வேண்டும் என்று இரண்டு டிரே பிரவுனிக்குச் சொல்லியிருக்கிறார். பந்து, விசில், கோப்பை எல்லாம் இருக்க வேண்டுமாம், பதினாலு மட்டும் மற்றதை விட ஒரு சுற்றுப் பெரிதாக. அதற்கென்று புது அச்சு ஒன்றும் வெட்டி வைத்திருக்கிறார், ஓரத்தை அரம் போட்டு ராவி, என் கை கிழியாதபடி.

நான் எல்லாம் செய்வேன். அந்தப் பெரிய பதினாலுக்கு ஆரஞ்சு கழுத்தும் வைப்பேன். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்து வருவேன், வாயைத் திறக்க மாட்டேன். டீவியில் தப்பாகத் தெரியலாம், நேரில் பெஞ்சு கண்ணெதிரே இருக்கும். அவர் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு போவார், பிறகு மறுபடி முதலிலிருந்து பார்ப்பார். அந்த நேரம் அவர் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அதைப் பார்க்க வேண்டியவன் நீ. என்னை ஏன் பார்க்க வைக்கிறாய்?

இன்னும் நாள் இருக்கிறது. அவரிடம் நீயே சொல். அழகாகச் சொல்ல வேண்டாம், காரணம் அடுக்க வேண்டாம், எடுத்துட்டாங்கப்பா என்று சொன்னால் போதும். கத்துவார், அப்புறம் சாப்பிட்டியா என்று கேட்பார், உனக்கே தெரியும். நீ இப்போது எங்கே தூங்குகிறாய், என்ன வேலை பார்க்கிறாய் என்பது எனக்குத் தெரியாது, எதுவானாலும் பட்டினி கிடக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள். நல்ல புத்தியும் நீண்ட ஆயுளும் உனக்கு வரட்டும், முதலாவது முதலில் வரட்டும். இந்த வாரமும் அடுத்த வாரமும் அப்பாவுக்குக் காலை ஷிப்ட், மூன்று மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பார். அந்த நேரத்தில் கூப்பிடு. நான் போனைச் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டுக் குழாயடி வாளியைக் கொட்டப் போய்விடுவேன், ஸ்பீக்கரில் போட வேண்டாம் என்று நீதான் அவரிடம் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
உன் சித்தி