முதலில் ஒட்டுவது

ஸ்டுட்கார்ட்
6 ஜனவரி 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் காதுக்குப் போன் ஒத்துவராமல் போனதில் எனக்கு ஒரு லாபம், தாளில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள். கையெழுத்து இன்னும் கோழி கிளறியது போலத்தான் இருக்கிறது.

ஸ்கூட்டரில் விழுந்து நொறுங்கிய சஃபாவின் இடுப்புக்கு வைக்க வேண்டிய டைட்டானியம் தண்டை இங்கிருந்து ஊருக்கு வரும் ரிஃபாய் காக்கா கொண்டுவருகிறார். அதன் மேல்பரப்பு எங்கள் ஆய்வுக்கூடத்தில் உருவானது. மேலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத குழிகள். நல்ல முத்தைப் பல்லில் தேய்த்தால் நறநறக்கும், போலி வழுக்கும் என்பீர்களே, அந்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சொரசொரப்பில்தான் எலும்பு வந்து பிடிக்கும். பெட்டியை அப்படியே டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள். தங்கச்சி நடந்துவிடுவாள், இன்ஷா அல்லாஹ்.

உங்கள் மகள்,
சுஹா

கீழக்கரை
20 ஜனவரி 2025

என் அருமை மகள் சுஹாவுக்கு வாப்பா எழுதுவது,

வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இங்கே வாடைக்காற்று ஓயவில்லை, கடலுக்கு யாரும் போகவில்லை. முத்துக் கடையில் ஈ ஓட்டுகிறேன்.

நீ அனுப்பிய சாமான் முதல் தரம். எப்படித் தெரியும் என்று கேள். பார்க்காமல் வாங்கி வைக்க நான் என்ன காய்கறிக் கடையா வைத்திருக்கிறேன்? முந்தின நாள் பெட்டியைப் பிரித்து, உள்ளுறையையும் பிரித்து, முன்பல்லில் நாலு இடத்தில் தேய்த்துப் பார்த்தேன். நீ எழுதியது போலவே நறநறத்தது. பழையபடி மூடிக் கொடுத்தேன். டாக்டர், "உறை பிரிஞ்சிருக்கே பாய்?" என்றார். சுங்கத்தில் பிரித்திருப்பார்கள் என்று ஒரு போடு போட்டேன். ஆவியில் வைத்து எடுத்துக்கொண்டார்கள்.

உள்ளே கொண்டுபோகும்போது சஃபா நர்ஸிடம், "எங்க வாப்பா பல்லுல வச்சுப் பாத்துட்டாக. இனிமே எனக்குப் பயமில்ல" என்றாள். அந்தப் பெண் சிரித்தது. எனக்குத்தான் கண் நிறைந்துவிட்டது.

வாவு முகம்மது

ஸ்டுட்கார்ட்
21 ஜனவரி 2025

அன்புள்ள வாப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தேன். கோபத்தில் எழுதவில்லை, பயத்தில் எழுதுகிறேன்.

எலும்பு உலோகத்தை நேராகத் தொடுவதே இல்லை. ரத்தம் பட்டவுடன் அதிலுள்ள புரதங்கள் அந்தக் குழிகளில் போய் உட்காரும். எலும்புச் செல் வந்து பிடிப்பது அந்தப் புரதத்தைத்தான். அதனால் முதலில் ஒட்டுவது எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. எச்சிலிலும் புரதம் இருக்கிறது வாப்பா. வழவழப்பான கம்பியை விட இந்தக் குழிகள் அதை இறுக்கிப் பிடிக்கும். ஆவியில் வைத்தால் கிருமி சாகும். ஒட்டியது போகாது. தோசைக்கல்லில் முட்டை பிடித்தது போல வெந்து அங்கேயே கிடக்கும். எலும்பு பிடிக்காமல் போகலாம், அந்த இடத்தில் பிறகு கிருமி குடியேறலாம். ஒன்றும் ஆகாமலும் போகலாம். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

முத்தைப் பற்றி எழுதியவள் நான்தான், அதனால் உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். தெரிந்தால்தான் எதைத் தேடுவது என்று அவருக்குப் புரியும். நான் சொன்னால் உங்களைக் காட்டிக்கொடுத்தது போல ஆகிவிடும். நீங்களே சொல்லுங்கள், இன்றைக்கே.

சுஹா

கீழக்கரை
2 பிப்ரவரி 2025

மகள் சுஹாவுக்கு,

பதில் தாமதம். சஃபா கம்பைப் பிடித்து வார்டு வாசல்வரை நடந்தாள். நீ பயந்ததுதான் மிச்சம் என்று எழுத உட்கார்ந்தேன், அதற்குள் தொடை சுட ஆரம்பித்துவிட்டது. தையலோரம் சிவந்து மினுமினுக்கிறது. காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருக்கிறது.

டாக்டர் நேற்று என்னைத் தனியாக அழைத்து, "பாய், அந்தத் தண்டை வெளிய எடுத்து யாராச்சும் தொட்டீகளா? இருந்தா இப்பவே சொல்லிருங்க, மருந்தே வேற" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

உனக்குக் கோபம் வரும். என் பல்லை நம்பித்தான் இந்த ஊர் என்னிடம் முத்து வாங்குகிறது. அதுகூடப் போகட்டும். வார்டில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சஃபா, "வாப்பா பாத்த சாமான், ஒண்ணும் ஆகாது" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் முகத்தைப் பார்த்து நான் எப்படிச் சொல்வேன்? மருந்தில் சரியாகிவிடும். நீ படித்தவள், கொஞ்சம் பொறுத்துக்கொள். நீயும் யாருக்கும் எழுதாதே. என் மேல் பிரியம் இருந்தால் எழுதாதே.

வாப்பா

ஸ்டுட்கார்ட்
3 பிப்ரவரி 2025

வாப்பாவுக்கு,

உங்கள் மேல் பிரியம் இருக்கிறது. டாக்டரிடம் பேசிவிட்டேன். இன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலையில் திறந்து தண்டை எடுத்துவிடுவார்கள். காலைக் காப்பாற்றப் பார்க்கிறோம் என்றார், அதற்கு மேல் நான் கேட்கவில்லை. டிக்கெட் போட்டுவிட்டேன்.

சஃபாவிடமும் நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. "ராத்தா, நீ எழுதுனதுக்கு அப்புறம் வாப்பாவுக்கு இது தெரியும்ல? தெரிஞ்சுமா டாக்டர்கிட்ட இல்லன்னாக?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு வலிக்கிறது என்றுகூட அவள் சொல்லவில்லை.

சுஹா