மூன்றாவது கேள்விக்கு நம் மகளின் விடை

என்னங்க,

நேரில் சொன்னால் சண்டையாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

இன்று என் வகுப்பில் ஆங்கில வாசிப்புப் பயிற்சிக்கு, சாயக்கழிவால் செத்துப்போன ஓர் ஆற்றைப் பற்றிய பத்தி வந்தது. "யார் பொறுப்பு?" என்பது மூன்றாவது கேள்வி. எல்லாப் பிள்ளைகளும் "சாயப்பட்டறை" என்று எழுதினார்கள். நம் மகள் மட்டும் "என் அப்பா" என்று எழுதியிருந்தாள்.

"பத்தியில இருக்கிறதைத்தானே எழுதணும்?" என்று கேட்டேன்.

"மழை பெய்யுது, நம்ம பட்டறைக் கழிவை ஆத்துல திறந்து விட்டுடுங்கன்னு அன்னைக்கு அப்பா போன்ல சொன்னாரும்மா. நீயும் பக்கத்துலதான் இருந்தே."

ஆமாம், இருந்தேன். காதில் விழாததுபோல் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் விடைக்குத் தப்புப் போட எனக்குக் கை வரவில்லை. நாளைக் காலை மாசுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அதற்குமுன் நீங்களே போய்ச் சொல்லிவிட்டால், அவளுக்கு அப்பா மிஞ்சுவார்.

உங்கள் மனைவி