கண்ணாடி போட்ட பூனை

அத்தை,

சாப்பாடு ஹாட்பாக்ஸ்ல இருக்கு. பின்வாசல் சாவி ஃப்ரிட்ஜ் மேல.

மூணு நாளா நீங்க என்கிட்ட பேசாததால எழுதி வச்சிட்டுப் போறேன். வி.ஆர். ஹெட்செட் வாங்கிட்டு வந்த அன்னைக்கு, "மூஞ்சியில டப்பாவ மாட்டிக்கிட்டு ஆடணுமா?"ன்னு திட்டினீங்க. சரி. நேத்து ஹால்ல பூச்சாடி உடைஞ்சதுக்குப் பக்கத்து வீட்டுப் பூனைதான் காரணம்னு உங்க பிள்ளைகிட்ட சொன்னீங்க. அதுவும் சரி. ஆனா இன்னைக்குக் காலையில பார்த்தா, மூக்குக்கண்ணாடி போடுறவங்களுக்குன்னு தனியா வந்த வளையம் ஹெட்செட்டுக்குள்ள மாட்டியிருக்கு. எனக்கும் உங்க பிள்ளைக்கும் கண்ணாடி கிடையாது. பூனைக்கு எப்போ கண்ணுல பவர் வந்துச்சு?

சார்ஜ் போட்டு வச்சிருக்கேன். டீப்பாயையும் ஓரமாத் தள்ளிட்டேன். பூனை கையை வீச இடம் வேணும்ல.

உங்க மருமக

பி.கு: பதினொரு மணிக்கு எலக்ட்ரீஷியன் வருவார். ஹெட்செட்டை மாட்டியிருந்தா பெல் அடிக்கிறது கேக்காது, அதுக்குள்ள பூனையைக் கழட்டிடச் சொல்லுங்க.

இன்னொண்ணு: கடையில இதைவிட நல்ல மாடல் ஒண்ணு இருந்துச்சு. அதைக் கண்ணாடியோட மாட்ட முடியாதுன்னாங்க. என்னைக்காவது பூனை ஆசைப்படும்னுதான் இதை வாங்கினேன்.