பனி விலகட்டும்

அக்கா,

இன்று காலையில் நம்ம தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்ட வந்தார்கள். எதிர் வீட்டு வாசல்கூடச் சரியாகத் தெரியாத மார்கழிப் பனி. நூலுக்குத் தடவுகிற கஞ்சி வாசனை மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. எதிர் வீட்டுக்காரர் தன் பெண்சாதியிடம், "பனி வெலகட்டும்மா, அப்புறம் நீட்டிக்கலாம்" என்றார். அவர் பாவைத்தான் சொன்னார். எனக்குக் கையில் இருந்த காப்பி இறங்கவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மூணாவதோடு நின்ற கை, கோணல்மாணலாகத்தான் வரும். நீ இருந்தால் கேலி பண்ணியிருப்பாய்.

நம்ம நைனாவுக்கு அந்தப் பேச்சு பாவோடு நிற்காது. பனி ஈரத்தில் நீட்டினால் கஞ்சி காயாது என்று காத்திருந்து காத்திருந்து, எல்லாவற்றுக்கும் அதே பழக்கம் வந்துவிட்டது. ஓடு மாற்ற வேண்டும் என்று அம்மா சொன்னால் "பனி வெலகட்டும்" என்பார். உனக்கு மாப்பிள்ளை பார்க்கச் சொன்னாலும் அதேதான். சித்திரை வெயிலிலும் சொல்வார். நாம் இரண்டு பேரும் போர்வைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

கடைசியில் உனக்குப் புதுச்சேரியில் மாப்பிள்ளையாக மாமா அமைந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து வந்தவர். அந்த தேசத்திலேயே ஒரு மலையில், ஹோட்டல் சமையலுக்கு வேலை கிடைத்தது என்று உன்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அங்கே பனி ஜாஸ்தி என்று மாமா மறைக்காமல்தான் சொன்னார். கேட்ட நமக்குத் தெரிந்த பனி இந்த மார்கழிப் பனி ஒன்றுதானே. "பனின்னா இன்னா, காத கட்டிக்கினா போவுது" என்றாள் அம்மா. பழுப்பு நிறத்தில் ஒரு கம்பளித் துணி வாங்கி உன் பெட்டியில் எல்லாப் புடவைக்கும் மேலே வைத்தாள். வெள்ளைக்காரன் தேசத்துக்கு நம்ம வீட்டிலிருந்து போன மருந்து அவ்வளவுதான்.

நீ எழுதுவதெல்லாம் பனி, பனி என்றே இருக்கும். இவளுக்கு மட்டும் அதிசயமாகப் பனி பெய்கிறதோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம். நைனா தவறிப்போன மறு வருஷம், உனக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் நிற்கவில்லை என்று மாமா எழுதினார். அம்மா என்னைத்தான் பார்த்தாள். "போய் இட்டாந்துடுடி. இங்க வந்து நாலு வெயில் பட்டா சரியாப் பூடும்" என்றாள். மாமாவின் உறவுக்காரர்கள் பாரீசுக்குப் போய்த் திரும்புகிறவர்கள், அவர்களோடு என்னை அனுப்பினார்கள். என் பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஊரின் பெயர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. கல்லும் மரமுமாக ஒரு கைப்பிடி வீடுகள், ஒரு மாதா கோயில், வீட்டுச் சுவரை மறைத்து அடுக்கின விறகு. மாடுகளை வீட்டுக்குக் கீழேயே அடைத்து வைத்திருந்தார்கள். மேலே மலையில்தான் பணக்காரர்கள் வரும் பெரிய இடம், மாமாவுக்கு வேலையும் அங்கேதான். கம்பியில் நாற்காலி நாற்காலியாகத் தொங்கிக்கொண்டு ஆட்கள் மேலே போவதும், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்கிக்கொண்டு இறங்குவதும் உன் ஜன்னலில் இருந்து எறும்பு மாதிரித் தெரியும். "ஏறத் தெம்பு இல்ல, எறங்கறதுக்கு மட்டும் வந்துட்றாங்கடி" என்றாய் நீ. அன்றைக்கு நன்றாகத்தான் பேசினாய்.

வந்த மறுநாள் விடியலிலேயே எழுந்து அந்த ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். உலகம் பூராவும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை. வெயில் வந்தது, கண் கூசியது, வெள்ளை அப்படியே கிடந்தது. நீ கஞ்சி கொண்டுவந்து வைத்தாய். அது ஆறிப்போகிற வரைக்கும் நான் நகரவில்லை.

"இன்னாடி அங்கியே பாத்துக்கினு கீற?"

"பனி வெலகட்டும்னு பாக்கறன்க்கா. வெலகுனா வெளிய போயி ஊரப் பாக்கலாம்."

நீ சிரித்தாய். நைனாவை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு உனக்கு இருமலாக மாறியது. நான் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன், அது விடவில்லை. கடைசியில் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னாய்: "இது வெலகுற பனி இல்லடி. கெடக்கற பனி."

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

எப்போதுதான் போகும் என்று, கீழ்வீட்டில் உனக்குப் பால் கொடுக்கிற அந்தம்மாவிடம் சைகையால் கேட்டேன். அவள் மாட்டுக் கொட்டகையைக் காட்டினாள், அப்புறம் மலையைக் காட்டினாள். மாட்டை வெளியே ஓட்டும்போதுதான் என்று நீ விளக்கிச் சொன்னாய். உன்னை அங்கிருந்து கிளப்ப நான் பேசாத பேச்சு இல்லை. பனி இருக்கிற வரைக்கும்தான் ஹோட்டலில் வேலை, அது போனால்தான் லீவு என்று மாமா சொன்னார். இருமல் அடங்காமல் விமானம் ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னாராம். அவர்களும் வேண்டுமென்று சொல்லவில்லை. உனக்கு வர எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும். பெட்டியில் புடவைகளை ஏற்கெனவே மடித்து வைத்திருந்தாய்.

நான் கிளம்ப வேண்டிய நாளும் வந்துவிட்டது. என்னைக் கூட்டி வந்தவர்கள் திரும்புகிறார்கள், எனக்குத் தனியாக வரத் தெரியாது. பஸ் நிற்கிற இடத்துக்கு நீ வரக் கூடாது என்றேன், கேட்கவில்லை. மாமாவின் பெரிய கோட்டு, அதற்குக் கீழே புடவை, காதில் அம்மா கொடுத்த பழுப்புத் துணி. புடவைக் கரை நனைந்து உறைந்து விறைத்துப் போயிருந்தது. அதை விரலால் தட்டிக் காட்டினாய், பலகை மாதிரிச் சத்தம் வந்தது.

"பாத்தியா, பாவுக்குக் கஞ்சி போட்டாப்ல."

நான் சிரிக்கவில்லை. பஸ் வந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாகிட்ட சொல்லு. பனி வெலகட்டும், கருட சேவைக்கு வந்துட்றேன்" என்றாய். வைகாசியில் பெருமாள் கருடன் மேலே வரும்போது உன்னை வாசலில் பார்க்கலாம் என்று அம்மாவிடம் வந்து சொன்னேன். சொன்ன நாளிலிருந்து அவள் உன் பாயைத் தட்டி வெயிலில் போட்டு எடுத்து வைப்பாள்.

பங்குனியில் தந்தி வந்தது. படித்துச் சொன்னவரைப் பார்த்து அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "பனி வெலகிடுச்சாமா?" அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான்தான் அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். அப்புறம் அவள் எதுவும் கேட்டதில்லை. அடுத்த மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள்.

மாமா வைகாசியில் வந்தார், தனியாக. அந்தப் பழுப்புத் துணியை மடித்துக் கொடுத்தார். முதலில் பனியை வாரிப் போட்டார்களாம், அதற்கப்புறம்தான் மண்ணை வெட்ட முடிந்ததாம். நெருப்பு வைக்க அந்த ஊரில் வழியில்லை. உன்னை வைத்த இடம் எது என்று கேட்டேன். மாட்டை ஓட்டுகிற வழியில், மாதா கோயிலுக்குப் பின்னால், என்றார். தான் கிளம்பும்போது புல் முளைத்துவிட்டது என்றார். தேறுதலுக்குத்தான் சொன்னார், பாவம். பெருமாள் கருடன் மேலே நம்ம தெரு வழியாகப் போனார். நான் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அந்தத் துணி என்னிடம்தான் இருக்கிறது. உன் வாசனை போய்விட்டது, நாப்தலின் வாசனைதான் அடிக்கிறது. இன்று அதைக் காதில் கட்டிக்கொண்டேன். குளிருக்கு இல்லை. நம்ம வீட்டில் யாரும் நைனாவின் அந்தப் பேச்சைப் பேசுவதில்லை. என் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு பேச்சு இருந்ததே தெரியாது. தெருவில் இருந்துதான் கேட்கிறது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே வெயில் வந்துவிட்டது, அக்கா. பனி விலகிவிட்டது. இங்கே தினமும் விலகிவிடுகிறது. பாவை நீட்டிக் கஞ்சி தடவுகிறார்கள், எதிர் வீட்டுக்காரர் பெண்சாதியை ஏதோ சொல்லிச் சிரிக்க வைக்கிறார். காப்பி ஆறிப்போய்ப் பக்கத்திலேயே இருக்கிறது. நான் இன்னும் ஜன்னல் ஓரமாகத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.