கோளாறு என்று சொல்லிக் கொடுத்த தண்ணீர்

என் சுந்தரா,

செத்துப்போனவனைத் திட்டுவது பாவம்தான். ஆனால் நீ செய்து வைத்துவிட்டுப் போன காரியத்துக்கு வேறு யாரை நான் திட்டுவது?

நேற்று நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தியவர் உன் அண்ணன். "எங்க நாத்தங்காலுக்குத் தண்ணியே வரலையேண்ணே" என்றேன். "இனிமே வராதுப்பா. தம்பி மதகுல ஒரு மெஷின் வச்சான்ல, அதுல ஏதோ கோளாறு. வாரத்துல ரெண்டு நாளு தானா தொறந்துக்கிட்டு தண்ணி உங்க பக்கம் போயிரும். அவனும் எவ்வளவோ பாத்தான், சரியாவல. மன்னார்குடியிலேருந்து மெக்கானிக் வந்தாரு, ஒரே நாள்ல முடிச்சுட்டாரு" என்றார்.

கோளாறாமே! அடப்பாவி, என்னிடம் என்ன சொன்னாய்? "அண்ணன்கிட்ட பேசிட்டேண்டா பாலு, வாரத்துல ரெண்டு நாள் உங்களுக்கு" என்றாயே! அதை நம்பி, இத்தனை வருஷமாக அவரை எங்கே பார்த்தாலும் நன்றியோடு பல்லைக் காட்டினேன். இவன் எதற்கு இப்படிச் சிரிக்கிறான் என்று மனுஷன் குழம்பிப்போயிருப்பார்.

உனக்கு வீட்டில் எதையாவது பிரித்துப் போடாவிட்டால் தூக்கம் வராது. கை தட்டினால் எரியும் பூஜையறை விளக்கு. உன் அண்ணி தேங்காய் உடைத்தாலும் அது அணைந்துவிடும். மதகுக்கும் அப்படித்தான் ஒரு பழைய கார் வைப்பர் மோட்டாரையும் சிம் கார்டையும் மாட்டினாய். போனிலிருந்தே மதகின் அடைப்புப் பலகை ஏறும், இறங்கும். பக்கத்தில் நின்று ஒயர் பிடித்துக் கொடுத்தவன் நான். அதை எதற்குச் செய்தாய் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் நிலத்தின் கதை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நில உச்சவரம்புச் சட்டத்தில் உங்கள் குடும்பத்திடமிருந்து எடுத்து, உங்கள் பண்ணையில் வேலை பார்த்த எங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தார்கள். பட்டா வந்தது. தண்ணீர் வரவில்லை. வாய்க்கால் உங்கள் வயலுக்குள்தானே ஓடுகிறது? எத்தனையோ ஆட்சி வந்து போய்விட்டது, ஒவ்வொரு குறுவைக்கும் அந்த மதகில் போய்க் கெஞ்சியவர்கள் நாங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாம் வேஷம் கட்டிப் பேசி ஆடும் கதை விளையாட்டில் மட்டும் நீ வேறு ஆள். என் மாடி அறையில் வரைபடத்தை விரித்து, இருபது முகப் பகடைக் காயை உருட்டி, ஒரு நாட்டையே உண்டாக்கினாய். ஆற்றை மறித்துப் படுத்திருக்கும் முதலை ராஜா, கீழே காய்ந்து கிடக்கும் ஊர்கள். ராஜாவாகவும் நீதான் பேசுவாய், எதிர்த்துக் கேட்கும் குடியானவனாகவும் நீதான் பேசுவாய். "தண்ணி உன் அப்பன் வீட்டுச் சொத்தா?" என்று நீ போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர் பயந்து மேலே ஓடி வந்தார். அவ்வளவு தொண்டை இருந்ததே, அதில் ஒரு சொல்லை உன் அண்ணனிடம் பேசியிருக்கக் கூடாதா? காகித முதலையிடம்தான் உன் வீரமா?

நேற்று அந்த ரயில்வே கேட்டிலேயே உன் அண்ணனிடம் சொல்லிவிட்டேன். "அது கோளாறு இல்லண்ணே. சுந்தர் வேணும்னுதான் அப்படி வச்சிருக்கான்."

ரயில் போய்விட்டது, கேட்டும் திறந்தது. பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், அவர் வண்டியை எடுக்கவில்லை. "ஸ்குரூ டிரைவர வச்சுக்கிட்டு மதகுல உக்காந்து பாத்தானேப்பா... அதெல்லாம் நடிப்பா?" என்றார். பிறகு, "வாயத் தொறந்து கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார்.

கொடுத்திருப்பாரா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை. உனக்காவது தெரியுமா?

"இப்ப நான் கேக்குறேண்ணே" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பாப்போம்" என்று போய்விட்டார்.

அம்மாவுக்கு என் மேல்தான் ஆத்திரம். "கோளாறுன்னே இருந்துட்டுப் போயிருக்கலாம்லடா. நாத்தாவது பொழச்சிருக்கும்" என்கிறாள். அவள் சொல்வதும் நியாயம்தான். நாற்று நுனி கருக ஆரம்பித்துவிட்டது, இன்னும் நாலைந்து நாள் தாங்கினால் அதிகம். அந்த மெஷினில் எந்த ஒயரை எங்கே மாற்றினால் பழையபடி திறக்கும் என்றும் எனக்குத் தெரியும். இன்று காலை மதகு வரை போய், பெட்டியின் மூடியில் கையும் வைத்துவிட்டேன்.

திறக்கவில்லை. நீ எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாய், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் எங்களுக்குச் சேர வேண்டியதைக் கோளாறு என்று சொல்லியல்லவா கொடுத்தாய்! அதனால்தான் ஒரு மெக்கானிக் வந்து அதைச் சரிசெய்துவிட்டுப் போக முடிந்தது. இது உனக்கு எப்படிடா உறைக்காமல் போயிற்று?

நாளைக்கு உங்கள் வீட்டு வாசலுக்குப் போகிறேன். அவர் மறுத்தால் மறுநாளும் போவேன். அப்புறம் தாலுகா ஆபீஸ், பஞ்சாயத்து, எதுவானாலும் சரி, எங்கள் முறைத் தண்ணீரை ஊரறியக் கேட்டு வாங்குவேன். உன் சாவுக்கு நான் இன்னும் அழவில்லை சுந்தரா, இந்தக் கோபம் விடமாட்டேன் என்கிறது. வயலில் தண்ணீர் ஏறட்டும். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து உனக்காக அழுகிறேன்.

இப்படிக்கு,
உன்னை மன்னிக்கப் பார்க்கும் நண்பன்,
பாலு